முக்கால் கைச் சட்டை

திங்கட்கிழமை, பகல்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

முதலில் ஒரு சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளை பட்டன் நன்றாக இருக்கிறாள். இன்று மதியம் சோறும் ஒரு முட்டையும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, ‘நேத்துப் போட்ட சட்டையையே போட்டுட்டு வந்திருக்கீங்க, டெய்லர்னு வெளிய சொல்லாதீங்கப்பா’ என்றாள். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு, நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஒரு இடத்தில் உட்கார்ந்து மேலே படி. உனக்கு எதையும் நின்றுகொண்டே படிக்கிற பழக்கம். இதை உட்கார்ந்து படி.

நேற்றும் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் நீ போன் செய்தபோது, அவள் ஸ்பெஷல் கிளாஸ் போயிருக்கிறாள் என்று சொன்னேன். பொய். ‘ஞாயித்துக்கிழமை கூடவா கிளாஸ் வெக்கிறாங்க’ என்று நீ கேட்டதற்கு, இந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் அப்படித்தான் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் பள்ளிக்கூடம் போய் இன்றோடு பதினான்கு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காய்ச்சல் இல்லை, விபத்து இல்லை. மனநல ஆஸ்பத்திரியில், பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள பிள்ளைகளுக்கென்று இருக்கிற வார்டில்.

நம் மகள் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் இல்லை, ஏழெட்டு மாதமாக. இந்த ஒரு வரியை எழுத மூன்று தாள் கிழித்தேன். காயங்கள் ஆறிவருகின்றன. உயிருக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு தடவையும் சொல்கிறேன், உயிருக்கு ஒன்றும் இல்லை.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நம் போன் லட்சணம் உனக்கே தெரியும். நான் கடையில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மெஷினை ஓட்டிக்கொண்டே பேசுவேன். நீ அந்த வீட்டு அடுப்படியில் நின்று குரலை அடக்கிக்கொண்டு பேசுவாய். பத்து நிமிஷத்தில் ஏழு நிமிஷம் நீ என்னைக் குறை சொல்வாய், இரண்டு நிமிஷம் நான் உன்னை, மிச்சம் இருக்கிற ஒரு நிமிஷத்தில் அவளைக் கூப்பிட்டு மார்க் என்ன என்று கேட்போம். இதை அதில் எந்த நிமிஷத்தில் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். உனக்குப் பக்கத்து வீட்டில் வேலை பார்க்கிற அந்த உயரமான அம்மா லீவு முடிந்து வியாழக்கிழமை காலை கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எழுதி முடித்ததும் இதை அவள் படிப்பாள். இங்கே கவுன்சலர் அம்மா போட்ட நிபந்தனை அது. எந்த வரி வேண்டாமோ அதை அவள் அடித்துவிடலாம், நான் ஏன் என்று கேட்கக்கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டேன். அதனால் நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் நீங்கள் இரண்டு பேரும் படிக்கப் போகிறீர்கள் என்று பயந்துகொண்டே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வகுப்பில் அவள் கையெல்லாம் பெயிண்ட். குழாயில் கழுவும்போது சட்டைக் கையை மடித்துவிடச் சொல்லியிருக்கிறார் டீச்சர். இவள் மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். அந்த டீச்சர் கெட்டிக்காரி. மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, ஒன்றுமே கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இவளே மடித்துக் காட்டியிருக்கிறாள். எனக்குப் போன் வந்தபோது நான் ஒரு கல்யாணக் கோட்டுக்குத் தோள் வைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

போனவன் ஒழுங்காகவா நடந்துகொண்டேன்? ‘எங்க வீட்ல அப்படியெல்லாம் கிடையாதுங்க, எல்லாம் அந்தப் போனால வந்தது’ என்று டீச்சரிடம் சொன்னேன். அப்புறம் இவளைப் பார்த்து, ‘உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?’ என்று கத்தினேன். அந்தக் கேள்வியைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது என்று பிறகு கவுன்சலர் அம்மா சொன்னார். குறை இல்லை என்றால் அப்புறம் ஏன் செய்தாய் என்பீர்கள், இருக்கிறது என்றால் நன்றி கெட்டவள் என்பீர்கள், எதைச் சொல்லும் என்று கேட்டார்.

முதல் நாலு நாள் எனக்குக் கோபமெல்லாம் உன் மேல்தான். பெண் பிள்ளையை என் தலையில் கட்டிவிட்டு எங்கேயோ யாரோ ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறாளே என்று இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். நீ வெளிநாட்டு வேலைக்குப் போவது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம் என்பது ஐந்தாம் நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த வார்டைப் பற்றிச் சொல்கிறேன், நீ வேறு மாதிரி கற்பனை செய்துகொள்ளாதே. சங்கிலியும் இல்லை, கூச்சலும் இல்லை. பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு நீள ஹால், எட்டுக் கட்டில், ஜன்னல் ஓரம் ஒரு கேரம் போர்டு. கதவு இரண்டு. ஒன்று சாத்தினால்தான் இன்னொன்று திறக்கும். உள்ளே போகும் முன் பையில் இருப்பதையெல்லாம் எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். முதல் நாள் என்னிடமிருந்து இஞ்சு டேப், சின்னக் கத்தரி, நூல்கண்டு எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் கொடுத்துவிட்டேன் என்று நிமிர்ந்து நின்றால், சிஸ்டர் என் காலரைத் திருப்பி உள்ளேயிருந்து ஒரு ஊசியை எடுத்துக் காட்டினார். இருபத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாகக் காலரில்தான் குத்துகிறது. எனக்கு முகம் செத்துவிட்டது. மறுநாளும் ஒன்று, அதற்கு மறுநாளும் ஒன்று. இப்போது அந்த சிஸ்டர் நான் படியேறும்போதே ஒரு மருந்து மூடியை நீட்டிக்கொண்டு, ‘வாங்க மாஸ்டர், இன்னிக்கு எத்தனை?’ என்கிறார்.

பிள்ளைகள் போட்டிருக்கிற பைஜாமாவில் நாடா கிடையாது, எலாஸ்டிக்தான். அதுவும் தொளதொளவென்று. ஒரு பையன் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேரம் ஆடுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை. பதினான்கு பைஜாமாவைக் கடைக்கு வாங்கிக்கொண்டு போய்ப் புது எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியாதவனுக்கு அது ஒரு வேலை. பட்டனுக்கு அதில் கொஞ்சம் பெருமை என்று நினைக்கிறேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். பார்வை நேரம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை

இன்று மழை. கடையைத் திறக்கவில்லை. உடம்பு அலுப்பு என்றால் படுத்தால் சரியாகிவிடும். இது எழுந்திருக்கும்போதும் கூடவே எழுந்திருக்கிறது.

இன்று எழுதப் போவதுதான் கஷ்டமானது. இங்கே ஒரு வழக்கம். பிள்ளை சேர்ந்த முதல் வாரத்தில் நாற்பது கேள்வி உள்ள ஒரு தாளைப் பெற்றவர்களிடம் கொடுப்பார்கள். அதே நாற்பது கேள்வியைத் தனியாகப் பிள்ளையிடமும் கொடுப்பார்கள். வீட்டுத் தாள், பிள்ளைத் தாள் என்று இவர்கள் சொல்வது. பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நான் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற வேகத்தில் இல்லை, இல்லை, இல்லை என்று போட்டுக்கொண்டே போனேன். அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். கவுன்சலர் அம்மா இரண்டையும் மேஜையில் விரித்து வைத்து, மாறி இருக்கிற இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். பத்தொன்பது வட்டம். எல்லாம் அவள் அனுமதி கொடுத்துத்தான் எனக்குக் காட்டினார்.

பள்ளிக்கூடத்தில் கேலி உண்டா என்று ஒரு கேள்வி. நான் இல்லை என்று எழுதியிருந்தேன். அவள் இடம் போதாமல் பின்பக்கம் முழுவதும் எழுதியிருந்தாள். போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு, கடையில் மிஞ்சின வெட்டுத்துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரு பாவாடை தைத்தேனே, உனக்குக் கூடப் போட்டோ அனுப்பினேன், நீ ‘கடையில வாங்கினா மாதிரியே இருக்குங்க’ என்று சொன்னாயே, அந்தப் பாவாடை. அதைப் போட்டுக்கொண்டு அவள் எடுத்த போட்டோவை வகுப்புப் பிள்ளைகள் போனில் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். ‘ஒட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது பின்பெஞ்சிலிருந்து அந்தப் பெயரில் கூப்பிடுவார்களாம். இரண்டாம் வகுப்பிலிருந்து கூடவே திரிந்த நம் கண்ணாடிக்காரி, நம் வீட்டில் தின்று வளர்ந்தவள், அவளும் சிரித்துவிட்டு அவர்களோடு போய்விட்டாள். ஆறு மாதமாக இவள் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டு விடாதே. அதையும் எழுதியிருந்தாள். அப்பா ரொம்ப ஆசையாத் தைச்சது, சொன்னா வருத்தப்படுவார் என்று. நான் வருத்தப்படக் கூடாதென்று என் மகள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் அங்கேயே, அந்த அம்மா எதிரிலேயே அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை.

மனம் விட்டுப் பேச வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டிருந்தது. நான், ‘உண்டு, நான்தான்’ என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். அவள் அந்த இடத்தில், அப்பா பேசுவார், கேட்க மாட்டார் என்று எழுதியிருந்தாள். நீயும் இருபது வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். சாட்சி கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட்டுக்கொள்.

வீட்டில் சண்டை உண்டா என்பதற்கு அவள் எழுதியது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இனி வருவதைப் படித்து நீ நொறுங்கிவிடக் கூடாது. ஒன்றரை நாளாக இதை எப்படி எழுதுவது என்று யோசித்து, நேராகவே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். கடந்த இரண்டு வருஷத்தில் நெருங்கியவர் யாரையாவது இழந்ததுண்டா என்று ஒரு கேள்வி. நான் இல்லை என்று போட்டேன். அவள் ‘அம்மா’ என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், என்னாலதான் அம்மா அங்க கிடக்கறாங்க, நான் இல்லாட்டி வந்திருப்பாங்க என்று.

இது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ‘உனக்காகத்தான் இங்க கிடந்து சாகறேன்’ என்று நீ ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாய். மார்க் குறைந்தால் இரண்டு தடவை சொல்வாய். ‘உங்கம்மா உனக்காகத்தான் அங்க சாகறா, நீ இங்க போனைத் தேய்ச்சுட்டு இருக்கே’ என்று நான் அதையே வார நாட்களில் சொல்வேன். நமக்கு அது ஒரு பேச்சு. எல்லாப் பெற்றவர்களும் சொல்கிறதுதான். அவள் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை, கணக்காக எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளை இன்னும் வீட்டுக்கு அனுப்பாமல் இங்கே வைத்திருப்பதே அந்தச் சின்ன எழுத்து ஒரு வரிக்காகத்தான்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரே காரணத்தைத் தேடாதீங்க என்று கவுன்சலர் அம்மா தினமும் சொல்கிறார். பள்ளிக்கூடம், கண்ணாடிக்காரி, பரீட்சை, தூக்கம் இல்லாதது, நீ தூரத்தில் இருப்பது, நான் பக்கத்தில் இருந்தும் இல்லாதது, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது. யாரையும் மிரட்டவோ பார்க்க வைக்கவோ அவள் செய்யவில்லை, உள்ளே தாங்க முடியாததை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியாமல் செய்தது, வேறு வழி இப்போது கற்றுக்கொண்டுவருகிறாள் என்றார். பார்க்க வைக்கச் செய்திருந்தால் நான் இத்தனை மாதம் பார்க்காமல் இருந்திருப்பேனா?

நான் ஏன் பார்க்கவில்லை என்பதற்கும் பதில் வீட்டுத் தாளிலேயே இருக்கிறது. உடையிலோ பழக்கத்திலோ ஏதாவது மாற்றம் கவனித்தீர்களா என்று ஒரு கேள்வி. ‘நான்தான்’ என்று எழுதினதைத் தவிர, நாற்பதில் நான் ‘ஆம்’ போட்டது அந்த ஒன்றுக்குத்தான். என்ன எழுதினேன் தெரியுமா? ‘அடக்கம் கூடியிருக்கிறது’.

இதை உனக்கு விளக்க வேண்டும். இந்தப் பள்ளி ஆண்டு ஆரம்பத்தில் யூனிஃபார்ம் தைக்கும்போது, அரைக் கை வேண்டாம், மணிக்கட்டு வரை முழுக் கை வையுங்கள், பட்டன் வைத்துப் பூட்டுகிற மாதிரி கஃப் வேண்டும் என்றாள். அந்த வெயிலில் முழுக் கை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்த வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் சொன்னேன். என் அக்கா வந்து பார்த்துவிட்டு, தாய் பக்கத்தில் இல்லாட்டாலும் பிள்ளையை எவ்வளவு அடக்கமா வளர்த்திருக்கே என்று மெச்சினாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஆறு சட்டை, ஆறுக்கும் கஃப் இறுக்கமாக, நல்ல அழுத்தமான காஜா போட்டுத் தைத்துக் கொடுத்தேன். என் கையாலேயே மூடிக் கொடுத்தேன்.

அன்றைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன். ‘வேணாம்ப்பா, இதுல இருந்து எடுத்துக்கங்க’ என்று ஒரு பழைய சட்டையைத் தூக்கிப் போட்டாள். அளவுச் சட்டை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கொடுக்கிறார்கள், வேலையும் சீக்கிரம் முடியும். நானும் சட்டையை மேஜையில் விரித்து அளந்துகொண்டேன். தொழில் கற்றுக்கொடுத்தவர் என்னிடம் முதலில் சொன்னதே, வளர்ற பிள்ளைக்கு அளவுச் சட்டையை நம்பாதே, ஆளை நிறுத்தி அளந்து பார் என்பதுதான். வாடிக்கைக்காரர் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். என் பிள்ளைக்குச் செய்யவில்லை. அன்றைக்கு நான் அவள் கையில் டேப் வைத்து அளந்திருந்தால் ஏழு மாதத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

ஒரு வயதில் கடையில் தவழ்ந்து சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டாள் என்று நாம் இரண்டு பேரும் சோறு தண்ணி இல்லாமல் இரண்டு நாள் அவள் பின்னாலேயே காவல் இருந்தோமே. பட்டன் என்கிற பெயரே அதில்தானே வந்தது. அன்றைக்கு எப்படிப் பார்த்தோம். வளர்ந்த பிறகு பார்ப்பதை எப்போது நிறுத்தினோம் என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை

இன்று கொஞ்சம் வெயில் வந்தது. சொல்வதற்கு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது.

அவளாகவே கேட்டாள். வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு சட்டை வேண்டும் என்றாள். நான் வாயை அடக்கிக்கொண்டு, சரி என்று மட்டும் சொன்னேன். நான் கூடக் கற்றுக்கொண்டுவருகிறேன். அவளே, அரைக் கை இப்ப முடியாதுப்பா, முழுக் கையும் வேணாம், முக்கால் கை வைங்க என்றாள்.

டேப் கீழே பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. பழைய சட்டை ஏதாவது எடுத்து வரவா என்று கேட்கலாம் என வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கையாலேயே அளக்கிறேன் என்றேன். எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

சாண் போட்டு அளந்தேன். தோளிலிருந்து முழங்கைக்கு ஒன்றரைச் சாண், அதற்குக் கீழே மூன்று விரல். என் கை அவள் கைமேல் போனபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, உற்று உற்றுப் பார்க்கவும் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் அளக்கிற மாதிரியே அளந்தேன். வலிக்குதா என்று கேட்டேன். இப்ப இல்ல என்றாள். நிற்கிற நிலையில் என் தோளைத் தாண்டிவிட்டாள், நீ பார்த்தால் நம்ப மாட்டாய். அந்தப் பழைய சட்டையை நம்பித் தைத்திருந்தால் இரண்டு விரல் குறைந்துபோயிருக்கும்.

அளந்து முடித்ததும், ‘அம்மாவுக்கு எப்பப்பா லீவு?’ என்று கேட்டாள். அடுத்த வருஷம்தானே என்றேன். ‘சும்மாதான் கேட்டேன்’ என்று சொல்லிவிட்டுக் கேரம் ஆடப் போய்விட்டாள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. வரும் சனிக்கிழமை, நம் நேரத்துக்குப் பகல் மூன்று மணி. குடும்ப நேரம் என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கவுன்சலர் அம்மா, அவள், நான், போனில் நீ. முகம் தெரிகிற மாதிரி வர வேண்டும். அது நல்லபடியாக நடந்தால் திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு வாரம் ஒரு நாள் வந்து போக வேண்டும். வீட்டில் எதை எங்கே பூட்டி வைப்பது, மனசு சரியில்லாதபோது அவள் யாரிடம் முதலில் சொல்வாள், நாம் என்ன செய்வோம் என்றெல்லாம் அன்றைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்தத் தாளில் உன் பெயரும் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அந்த வீட்டுக்காரர்களிடம் உண்மையைச் சொல்லி அந்த ஒரு மணி நேரத்தைக் கேள். வயிற்றுவலி, தலைவலி என்று எதையும் சொல்லாதே. நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் போதுமான அளவு பொய் சொல்லிவிட்டேன். அடுப்படியில் நிற்காதே, கதவு சாத்துகிற அறையாகப் பார்த்து உட்கார். வெள்ளிக்கிழமை இதைப் படித்தால் உனக்கு ஒரு நாள் இருக்கிறது. அழ வேண்டியதை அந்த ஒரு நாளில் அழுதுவிடு. அவள் எதிரில் கண்ணில் தண்ணீர் வந்தால் பரவாயில்லை என்றுதான் கவுன்சலர் அம்மாவும் சொன்னார். ‘நான் உனக்கு என்னடி குறை வெச்சேன்’ மட்டும் வேண்டாம். அதை நானே கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. உனக்காகச் சாகிறேன் என்கிற அந்த வார்த்தை இனிமேல் நம் இரண்டு பேர் வாயிலும் வரவே வேண்டாம். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெரியவர் உன்னைப் படுத்துகிற பாட்டைச் சொல். முதல் நாள் அவர் பல் செட்டை நீ தேநீர்க் கோப்பையோடு சேர்த்துக் கழுவப் போட்ட கதையைச் சொல். அவள் உன் கஷ்டத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறாள், நீ அங்கே சிரித்ததைக் கேட்டதே இல்லை.

மார்க் கேட்காதே. காயத்தைக் காட்டச் சொல்லாதே. அவளாகக் காட்டினால் பார்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. திங்கட்கிழமை அவள் வீட்டுக்கு வந்துவிட்டால், அவள் அறைக் கதவு சாத்தியிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் நான் வெளியே என்ன செய்வேன் என்று தெரியவில்லை. தட்டினால் சந்தேகப்படுகிறேன் என்பாள், தட்டாவிட்டால் நான் பழைய ஆள். கவுன்சலர் அம்மாவிடம் கேட்டேன். தட்டுங்க, தட்டிட்டுத் தேநீர் வேணுமான்னு கேளுங்க என்றார். அவ்வளவுதானா என்று கேட்டேன். தினமும் செய்யணும், அதுதான் கஷ்டம் என்றார். அந்தக் கஷ்டத்தைச் சொல்ல எனக்கு நீ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, இடையிலும் போன் செய். மெஷினை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். சத்தியமாக ஸ்பீக்கரில் போட மாட்டேன்.

சட்டைத் துணி வெட்டி வைத்திருக்கிறேன். வெளிர் நீலம், அவள் சொன்னது. உள்ளே இரண்டு விரல் துணி தாராளமாக விட்டிருக்கிறேன். இன்று சாயங்காலம் தைத்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் மேல் எனக்கு இப்போது கோபம் துளியும் இல்லை, உனக்கும் என் மேல் இல்லாமல் போகட்டும்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு உன் முகத்துக்காகக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்

பி.கு. இப்போதுதான் அவள் படித்து முடித்தாள். கவுன்சலர் அம்மாவின் மேஜை முன்னால் உட்கார்ந்து, நடுவில் இரண்டு தடவை மூக்கைச் சிந்திக்கொண்டு, முக்கால் மணி நேரம் படித்தாள். பாவாடை, கண்ணாடிக்காரி, சின்ன எழுத்து வரி எதையும் அவள் அடிக்கவில்லை. ஒரே ஒரு வரியைத்தான் அடித்திருக்கிறாள். உனக்கு எப்போது லீவு என்று கேட்டாளே, அந்த வரி. வேண்டாத வரியை அவள் எப்படி அடிப்பாள் என்று அவள் நோட்டுப்புத்தகங்களில் பார்த்திருக்கிறாய், தாள் கிழிகிற வரை கறுப்பாகத் தேய்ப்பாள். இதில் மெல்லிசாக ஒரே ஒரு கோடுதான் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தை வேறு தாளில் எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். வேணாம், இப்படியே அனுப்புங்க என்றாள். அதனால் அப்படியே அனுப்புகிறேன். படிக்க முடிகிற மாதிரிதான் அடித்திருக்கிறாள். நீ படித்துக்கொள்.